ஆறு பருவங்களின் கணக்கு

ஒரு மாணவரின் தேர்வு முடிவில் ‘4’ என்ற எண் இருக்கிறது. அவர் மகிழ வேண்டுமா, வருந்த வேண்டுமா? அது எந்தத் தேர்வு என்று தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளி 4 என்றால், அதைவிடச் சிறந்த முடிவு இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் முதல் அடைவுநிலையை எட்டியவருக்கே அது கிடைக்கும். சாதாரண நிலைத் தேர்வில் ஒரு பாடத்தில் ‘பி4’ என்றால், அது ஒன்பது தரங்களுள் நான்காவது தரம். அந்த இரண்டு தேர்வுகளிலும் எண் சிறியதாக இருப்பதே நல்லது. பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இது தலைகீழாக மாறுகிறது. அங்கே எண் பெரியதாக இருக்க வேண்டும். 4.0 என்பதே உச்சம்.

மாறுவது எண்ணின் திசை மட்டுமன்று. அந்த எண் உருவாகும் முறையும் வேறு. பள்ளியில் ஆண்டு இறுதியில் எழுதும் பெரிய தேர்வையே பல மாணவர்கள் முதன்மையாகக் கருதுகின்றனர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டுகளில் செய்யும் வேலை அனைத்தும் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒரே எண்ணாகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் கல்லூரிக்குள் நுழையும் மாணவர், முதல் சில மாதங்களிலேயே புள்ளிகளை இழக்கக்கூடும்.

ஐந்து கல்லூரிகள், ஒரே அடிப்படை

சிங்கப்பூரில் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகள் உள்ளன. 1954ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி நிறுவப்பட்டது. 1963இல் நீ ஆன், 1990இல் தெமாசெக், 1992இல் நன்யாங், 2002இல் ரிபப்ளிக் ஆகியவை அடுத்தடுத்துத் தோன்றின. பொறியியல், வணிகம், தாதிமை, வடிவமைப்பு, தகவல் தொழில்நுட்பம் எனப் பல துறைகளில் இவை பட்டயக் கல்வி அளிக்கின்றன. படிப்புக் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள்.

கல்வியாண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்குகிறது. ஓர் ஆண்டில் இரண்டு பருவங்கள். ஆகவே, மூன்று ஆண்டுகளில் மொத்தம் ஆறு பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் சில பாடங்களைப் படித்து முடிக்கிறார். அந்தப் பருவத்தின் முடிவில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு தரம் கிடைக்கிறது. அடுத்த பருவத்தில் பாடங்கள் மாறிவிடும். பழைய பாடத்தின் தரமோ பதிவேட்டில் நிலைத்துவிடும்.

தேர்வுக்கு முன்பே தொடங்கும் தேர்வு

ஒரு பாடத்தின் மதிப்பெண் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. குழுத் திட்டப்பணி, செய்முறை அறிக்கை, வாய்மொழிப் படைப்பு, சிறு தேர்வுகள், பருவ இறுதித் தேர்வு ஆகியவை அவற்றுள் அடங்கும். இறுதித் தேர்வே இல்லாத பாடங்களும் உண்டு. எந்தப் பகுதிக்கு எத்தனை விழுக்காடு என்பது பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களுக்குத் தெரிவிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பாடத்தில் குழுத் திட்டப்பணிக்கு 30, செய்முறை அறிக்கைகளுக்கு 20, பருவ இடைத் தேர்வுக்கு 20, இறுதித் தேர்வுக்கு 30 மதிப்பெண்கள் என்று கொள்வோம்.

முதல் மாணவர் வாரந்தோறும் தம் வேலையை முடித்துவிடுகிறார். திட்டப்பணியில் 24, அறிக்கைகளில் 16, இடைத் தேர்வில் 14 எனப் பெறுகிறார். இறுதித் தேர்வு அறைக்குள் நுழையும்போதே அவரிடம் 54 மதிப்பெண்கள் உள்ளன. இறுதித் தேர்வில் 21 எடுத்தால் மொத்தம் 75.

இரண்டாம் மாணவர், “கடைசியில் இரவு பகலாகப் படித்துச் சமாளித்துவிடலாம்,” என்று எண்ணுகிறார். திட்டப்பணியில் 12, அறிக்கைகளில் 8, இடைத் தேர்வில் 9 எனப் பெறுகிறார். அவர் கையில் இருப்பது 29 மட்டுமே. இறுதித் தேர்வில் ஒரு பிழையும் செய்யாமல் 30க்கு 30 வாங்கினாலும் மொத்தம் 59தான். அவர் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. கடைசி இரு வாரங்களில் முதல் மாணவரைவிட அவர் அதிக நேரம் படித்திருக்கலாம். ஆனால், அந்த உழைப்புக்கு இடம் கொடுக்க 30 மதிப்பெண்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

மதிப்பெண் தரமாகிறது, தரம் புள்ளியாகிறது

மொத்த மதிப்பெண் அடுத்து ஒரு தரமாக மாற்றப்படுகிறது. பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் ‘ஏ’ தரம். அதன்பின் ஐந்து மதிப்பெண்களுக்கு ஒரு தரம் என இறங்குகிறது. 75 முதல் 79 வரை ‘பி+’, 70 முதல் ‘பி’, 65 முதல் ‘சி+’, 60 முதல் ‘சி’, 55 முதல் ‘டி+’, 50 முதல் ‘டி’. ஐம்பதுக்குக் கீழே ‘எஃப்’, அதாவது தேர்ச்சி இல்லை.

ஒவ்வொரு தரத்திற்கும் ஒரு புள்ளி உண்டு. ஏ என்றால் 4.0. பி+ 3.5, பி 3.0, சி+ 2.5, சி 2.0, டி+ 1.5, டி 1.0. எஃப் என்றால் சுழியம்.

இந்த மாற்றத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 80 வாங்கியவருக்கும் 98 வாங்கியவருக்கும் ஒரே 4.0 புள்ளிதான். ஆனால், 79 வாங்கியவருக்கு 3.5 புள்ளி. நேரத்தோடு ஒப்படைக்காத ஓர் அறிக்கையால் இழந்த ஒரே ஒரு மதிப்பெண், எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அரைப் புள்ளி இழப்பாக மாறிவிடலாம்.

சில பாடங்களுக்குத் தரம் வழங்கப்படுவதில்லை. ‘தேர்ச்சி’ அல்லது ‘தேர்ச்சி பெறவில்லை’ என்று மட்டுமே குறிக்கப்படும். அவை சராசரியில் சேர்வதில்லை.

எல்லாப் பாடங்களும் சமமா?

சமம் அல்ல. ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் எடை உண்டு. அந்த எடையைக் ‘கிரெடிட் யூனிட்’ என்பார்கள். சுருக்கமாக ‘அலகு’ எனலாம். அதிக நேரமும் உழைப்பும் தேவைப்படும் பாடத்திற்கு அதிக அலகுகள் தரப்படும். பல பட்டயப் படிப்புகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கும் வேலைப் பயிற்சிக்கும் அலகுகள் கூடுதலாக இருக்கும்.

ஒரு மாணவி ஒரு பருவத்தில் நான்கு பாடங்கள் படிக்கிறார் என்று கொள்வோம்.

முதல் பாடம்: 6 அலகுகள், தரம் பி. 6 × 3.0 = 18
இரண்டாம் பாடம்: 4 அலகுகள், தரம் ஏ. 4 × 4.0 = 16
மூன்றாம் பாடம்: 4 அலகுகள், தரம் சி. 4 × 2.0 = 8
நான்காம் பாடம்: 2 அலகுகள், தரம் ஏ. 2 × 4.0 = 8

மொத்தப் புள்ளிகள் 50. மொத்த அலகுகள் 16. ஐம்பதைப் பதினாறால் வகுத்தால் 3.13 கிடைக்கும். இதுவே அந்தப் பருவத்திற்கான தரப்புள்ளிச் சராசரி. இதைத்தான் மாணவர்கள் ‘ஜிபிஏ’ என்று சொல்கின்றனர்.

நான்கு தரங்களையும் சாதாரணமாகக் கூட்டி நான்கால் வகுத்திருந்தால் 3.25 வந்திருக்கும். இரண்டு ‘ஏ’ வாங்கியும் சராசரி குறைந்தது ஏன்? அவற்றுள் ஒன்று இரண்டே அலகுகள் கொண்ட சிறிய பாடம். ஆறு அலகுகள் கொண்ட பெரிய பாடத்தில் அவர் பெற்றது ‘பி’. பிடித்த பாடத்திற்கே நேரத்தையெல்லாம் செலவிடும் மாணவர், அந்தப் பாடத்தின் எடை என்ன என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விழுந்தவர் எழ முடியுமா?

ஒவ்வொரு பருவத்தின் புள்ளிகளும் முந்தைய பருவங்களின் புள்ளிகளோடு கூட்டப்படும். இவ்வாறு திரண்டு வரும் மொத்தச் சராசரியே பட்டயப் படிப்பின் முடிவில் நிற்கும். பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் பட்டயதாரருக்கு இந்த எண் மிக முக்கியமானது.

முதல் பருவத்தில் தடுமாறிய ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். புதிய இடம், புதிய நண்பர்கள், யாரும் கண்டிக்காத நேரம். அவருடைய முதல் பருவச் சராசரி 2.0. கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு பருவத்திலும் 20 அலகுகள் என்று கொள்வோம். அவர் விழித்துக்கொண்டு இரண்டாம் பருவத்தில் 3.0 பெறுகிறார். அதன்பின் நான்கு பருவங்களிலும் தொடர்ந்து 3.5 பெறுகிறார்.

இரண்டாம் பருவத்தின் முடிவில் அவருடைய மொத்தச் சராசரி 2.5 ஆகிறது. மூன்றாம் பருவத்தில் அது 2.83. நான்காம் பருவத்தில் 3.0. ஐந்தாம் பருவத்தில் 3.1. ஆறாம் பருவத்தில் 3.17.

கடைசி நான்கு பருவங்களிலும் அவர் பெற்றது அதே 3.5தான். ஆனால், அது மூன்றாம் பருவத்தில் சராசரியை 0.33 உயர்த்தியது. ஆறாம் பருவத்தில் வெறும் 0.07 மட்டுமே உயர்த்தியது. ஒரு குவளை நீரில் ஒரு கரண்டிச் சர்க்கரையைக் கலந்தால் இனிப்பு உடனே தெரியும். அதே கரண்டிச் சர்க்கரையை ஒரு குடம் நீரில் கலந்தால் அவ்வளவாகத் தெரியாது. பருவங்கள் கூடக்கூடக் குடம் நிறைந்துகொண்டே போகிறது. அதனால்தான், தவறைத் திருத்திக்கொள்ள ஏற்ற நேரம் அது நடந்ததற்கு அடுத்த பருவம் என்கிறோம்.

இதே கணக்கு இன்னொரு செய்தியையும் சொல்கிறது. ஒரு பருவத்தில் ஒரு முழுப் புள்ளி குறைந்தால், ஆறு பருவங்களின் முடிவில் அது சுமார் 0.17 புள்ளியாகவே எஞ்சும். முதல் பருவத்தில் 2.0 பெற்றவர், மீதி ஐந்து பருவங்களிலும் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றால் 3.67 வரை உயர முடியும். 4.0 அவருக்கு இனிமேல் எட்டாது என்பது உண்மை. ஆனால், எல்லாம் முடிந்துவிட்டது என்று மனமுடையவும் காரணம் இல்லை. “முதல் பருவம்தானே!” என்ற அலட்சியமும், “இனி என்ன பயன்?” என்ற சோர்வும் கணக்குப் போட்டுப் பார்க்காததால் வருபவை.

முடிவில் ஐயம் எழுந்தால்

விடைத்தாள்கள் திருத்தப்பட்டதும் மதிப்பெண்கள் உடனே வெளியிடப்படுவதில்லை. அவை சரிபார்க்கப்பட்டு, கல்லூரியின் தேர்வுக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற பிறகே மாணவர்களைச் சென்றடைகின்றன. முடிவில் பிழை இருக்கலாம் என்று கருதும் மாணவர், குறிப்பிட்ட நாள்களுக்குள் மறு ஆய்வு கோரி விண்ணப்பிக்கலாம். நோயினால் தேர்வு எழுத இயலாதவர் மருத்துவச் சான்றிதழை உரிய நேரத்தில் ஒப்படைக்க வேண்டும். தேர்ச்சி பெறாத கட்டாயப் பாடத்தை மீண்டும் படிக்க வேண்டியிருக்கும். இவற்றின் நுணுக்கமான விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறுபடும். மாணவர் கையேட்டில் அவற்றைக் காணலாம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

முன்னர்க் கண்ட மாணவரின் இறுதிச் சராசரி 3.17. வேறொரு மாணவர் முதல் நான்கு பருவங்களில் 3.5 பெற்று, ஐந்தாம் பருவத்தில் 3.0, ஆறாம் பருவத்தில் 2.0 என இறங்கினால் அவருடைய சராசரியும் 3.17தான். ஒருவர் ஏறி வந்தார். மற்றவர் இறங்கி வந்தார். சராசரி அந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆனால், பருவவாரியாகத் தரங்களைப் பட்டியலிடும் கல்விச் சான்றிதழில் அந்தப் பயணம் முழுவதும் பதிந்திருக்கும்.

ஆகவே, கல்லூரியில் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே செய்யவேண்டியவை சில உள்ளன. ஒவ்வொரு பாடத்திலும் எந்தப் பகுதிக்கு எத்தனை விழுக்காடு என்று குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாடத்திற்கு எத்தனை அலகுகள் என்று அறிந்திருக்க வேண்டும். பருவத்தின் நடுவில், இதுவரை கிடைத்த மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால், தேர்வு நெருங்கும்வரை காத்திராமல் அப்போதே விரிவுரையாளரை அணுக வேண்டும்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பது பழமொழி. மூன்றாம் வாரத்தில் எழுதிய ஓர் அறிக்கையும் அத்தகைய ஒரு துளிதான். அதற்குக் கிடைத்த மதிப்பெண் பாடத்தின் தரத்தில் சேர்கிறது. அந்தத் தரம் பருவத்தின் சராசரியிலும், பருவத்தின் சராசரி மூன்றாண்டுகளின் முடிவிலும் சேர்ந்துவிடுகிறது.