ஆறுமணிக் குருவி வாசலில் விழுந்தால்

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் சேலம், நாமக்கல் வட்டார வீடுகளில் விடிகாலை கதவைத் திறப்பவர்கள் சில சமயம் திகைத்து நிற்பார்கள். மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ கண்ணாடிச் சன்னலுக்குக் கீழேயோ பல வண்ணப் பறவை ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கும். அது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் இதற்குப் பெயர் உண்டு.

இது பிட்டா குடும்பத்துப் பறவை. இந்தக் குடும்பத்தில் 40க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை தென்கிழக்காசிய மழைக்காடுகளில் வாழ்பவை. நம் ஊருக்கு வரும் இனம் கோடையிலும் மழைக்காலத்திலும் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டுகிறது. குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருகிறது. வழியில் களைத்தும், விளக்கொளியில் திசை தடுமாறிச் சுவரிலோ கண்ணாடியிலோ மோதியும் தரையில் இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் சில மணி நேர ஓய்வே அதற்குப் போதும். அந்த ஓய்வை எப்படிக் கொடுப்பது என்று பார்ப்போம்.

1. அடையாளம் காணுங்கள்

மைனாவைவிடச் சிறியது, நீளம் சுமார் 19 செ.மீ. வால் குட்டை, கால் நீளம். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், தொண்டை வெள்ளை, நெஞ்சு வெளிறிய மஞ்சள், வாலடி சிவப்பு. கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை ஓடும். கிளிக்குஞ்சு என்று நினைத்துக் கூண்டில் அடைத்துவிடாதீர்கள்.

2. மூடி எடுங்கள்

நாய், பூனை, காக்கையை முதலில் விரட்டுங்கள். மெல்லிய பருத்தித் துண்டைப் பறவை மேல் போட்டு, இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி இரு கைகளாலும் எடுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. பறவை நெஞ்சை விரித்துத்தான் மூச்சு விடும். அழுத்தினால் மூச்சு முட்டும்.

3. இருட்டில் வையுங்கள்

செருப்பு வாங்கி வந்த அட்டைப்பெட்டி போதும். முதலில் பக்கங்களில் சிறு துளைகள் இட்டு, அடியில் துணி விரித்து, பிறகு பறவையை உள்ளே விட்டு மூடுங்கள். வெயிலும் சத்தமும் இல்லாத அறையில் வையுங்கள். இருட்டில் அதன் பயம் தணியும். அடிக்கடி திறந்து பார்ப்பதும், கையில் ஏந்திப் படம் எடுப்பதும் அதன் மிச்சமிருக்கும் பலத்தையும் தின்றுவிடும்.

4. வாயில் எதையும் ஊற்றாதீர்கள்

நல்ல மனசோடு செய்யும் பெரிய தவறு இதுதான். பறவையின் நாக்கடியிலேயே மூச்சுக்குழல் திறப்பு இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். இது சருகைப் புரட்டிப் பூச்சியும் மண்புழுவும் தின்னும் பறவை.

5. காயம் இருக்கிறதா என்று பாருங்கள்

ஓரிரு மணி நேரம் கழித்து மெல்லத் திறந்து பாருங்கள். ஒரு பக்க இறக்கை தொங்கினால், ரத்தம் தெரிந்தால், நிற்க முடியாமல் சாய்ந்தால் உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். இது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை. வீட்டில் வைத்து வளர்க்க முடியாது.

6. தரையில் விடுங்கள்

நிமிர்ந்து நின்று துள்ளினால் தேறிவிட்டது என்று பொருள். வெளிச்சம் இருக்கும்போதே, புதரும் சருகும் உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள். வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு, கொல்லிமலை அடிவாரத்துப் புதர்க்காடு, வீட்டுக் கொல்லையில் மாமர நிழல் எதுவானாலும் சரி. பெட்டியைத் தரையில் சாய்த்துத் திறந்து, தள்ளி நில்லுங்கள். மேலே வீசிப் பறக்கவிடக் கூடாது. அது தத்தித் தத்தி நிழலுக்குள் போய்விடும்.

7. அடுத்த பறவைக்கு வழி செய்யுங்கள்

வலசைக் காலத்தில் மொட்டை மாடி விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள். பெரிய கண்ணாடிகளின் வெளிப்புறத்தில் நெருக்கமாகப் புள்ளிகள் ஒட்டுங்கள். தோட்டத்தில் ஒரு மூலைச் சருகையாவது கூட்டிக் கொளுத்தாமல் விடுங்கள். நிலத்தை வழித்துத் துப்புரவாக்கும் பழக்கத்தால் இந்தப் பறவை இரை தேடும் இடமே இல்லாமல் போகிறது. பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவது ஒரு பறவையைத்தான். சருகு கிடக்கும் மூலையோ அந்த வழியாக வரும் எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் உதவும்.