அடியில் கிடக்கும் பழைய பனி

2013 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லவ்லேண்ட் கணவாய்க்கு அருகே ஆறு பேர் பனிமலைக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் பனிச்சறுக்கில் பழகியவர்கள். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்திருந்தார்கள். எந்தச் சரிவு ஆபத்தானது என்பதும் தெரியும். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, அதன் அடிவாரத்தைக் கடந்து எதிரே உள்ள மரக்கூட்டத்துக்குப் போய்விடலாம் என்பது அவர்கள் திட்டம். காலுக்கடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். மேலே மொத்தச் சரிவும் உடைந்து இறங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள்.

கீழே நடந்தவர்களின் எடை மேலே இருந்த பனியை எப்படி உடைத்தது?

கொலராடோவில் குளிர்காலத் தொடக்கத்தில் பனி அதிகம் விழாது. அந்த மெல்லிய பனிக்குக் கீழே தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே இரவுக் காற்று மைனஸ் 20 வரை குளிரும். இந்த வேறுபாட்டால் நீராவி அடியிலிருந்து மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகளாக மாற்றிவிடுகிறது. அள்ளினால் சர்க்கரை போல விரலிடுக்கில் வழியும். உருட்டிப் பிடிக்க வராது. பிறகு விழும் பனியும் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனியும் அதன்மேல் இறுகிப் பாளமாகின்றன. அந்த மணிகள் ஓரிடத்தில் நொறுங்கினால் போதும். முறிவு அந்த அடுக்கு வழியாகவே பரவி, செங்குத்தான பகுதியை எட்டியதும் பாளம் கழன்றுவிடும்.

30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் பெரும்பாலும் இப்படி நடக்கிறது. சறுக்குவோர் ஆசையோடு தேடிப் போவதும் அதே சரிவுகளைத்தான்.

ஆறு பேரிடமும் பீக்கன் கருவி இருந்தது. புதைந்தவர் இருக்கும் இடத்தை அதன் சிக்னல் காட்டிக்கொடுக்கும். 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஆறு பேரும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டதால், தேட வெளியே ஒருவரும் மிஞ்சவில்லை.

அன்று எச்சரிக்கை ஐந்தில் மூன்றாம் நிலை. மூன்று என்றதும் மனம் அதை நடுத்தரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த எண்ணம்தான் கொல்கிறது. மனிதர் கால் பட்டே பனி கிளம்பக்கூடிய நிலை அது. பனிச்சரிவுச் சாவுகளில் பெரும்பாலானவை மூன்றாம், நான்காம் நிலை நாட்களில்தான் நேர்கின்றன.

சந்தேகம் இருந்தால் குழி வெட்டிப் பார்ப்பார்கள். 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பனித்தூணைப் பிரித்தெடுத்து, ஒரு முனையில் மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முறிவு மறுமுனை வரை ஒரே ஓட்டமாக ஓடினால் அந்தச் சரிவுக்குப் போகக் கூடாது. ஓடாவிட்டாலும் நம்பிவிட முடியாது. சற்றுத் தள்ளி வெட்டினால் முடிவு மாறலாம். அதனால், அடியில் இந்த மணிப்பனி கிடக்கும் ஆண்டுகளில், விவரம் தெரிந்தவர்கள் 30 டிகிரிக்குக் குறைவான, தலைக்குமேல் செங்குத்துச் சரிவு இல்லாத இடங்களிலேயே சறுக்குகிறார்கள். சில ஆண்டுகளில் வசந்தம் வரைகூட அப்படித்தான்.