இடி சொல்லும் தூரம்



சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் பிற்பகல் வெயில் சுட்டெரிக்கிறது. திடீரென்று வானம் கறுக்கிறது. சில்லென்று ஒரு காற்று. பூக்கடைக்காரர் சரங்களை உள்ளே எடுத்து வைக்கிறார். பளிச்சென்று மின்னல், அதன் பின்னே இடி. உங்கள் தோட்டத்திலும் இதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பமும் காற்றும் ஒலியும் சேர்ந்து செய்கிற வேலை இது.

சிங்கப்பூர், நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அங்கே ஆண்டில் ஏறக்குறைய 170 நாட்கள் இடி முழங்குகிறது. காரணம் என்ன? வெயில் தரையைச் சூடாக்குகிறது; தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்து, இலேசாகி, மேலே எழும்புகிறது. அதிலுள்ள நீராவி உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. மழைத்துளிகள் விழும்போது ஒரு பகுதி ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே இறங்கித் தரையோடு பரவுகிறது. மழைக்கு முன்னே வரும் சில்லென்ற காற்று அதுதான்.

மேகத்தினுள் பனித்துகள்கள் மோதுவதால் மின்சாரம் சேர்கிறது. அது பாயும்போது வழியிலுள்ள காற்று நொடிக்கும் குறைந்த நேரத்தில் சுமார் 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்தக் காற்று வெடித்தாற்போல் விரிகிறது. அந்த அதிர்ச்சியே இடி.

மின்னலின் ஒளி உடனே கண்ணுக்கு எட்டிவிடும். ஒலியோ நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் செல்லும். ஆகவே மின்னலைக் கண்டதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம்.

அப்போது, "இன்னும் நாலு மரம்தானே, வெட்டிவிட்டுப் போகலாம்" என்று நிற்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்கவும் வேண்டாம். மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவர்மீதும் தாவும். நல்ல கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

இந்தக் கணக்கை இன்றே வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எண்ணத் தெரிந்த குழந்தைக்கு இது போதும்.