கல்வி என்னும் சொல்

கோடையில் ஆறு வறண்டபோது, மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுப்பதை நாம் அனைவரும் அறிவோம். தோண்டுவதைக் ‘கல்லுதல்’ என்று கூறுவது பழந்தமிழ் வழக்கு. ‘கல்’ என்னும் வினைக்குத் தோண்டுதல், கற்றல் என இரு பொருள்களும் உண்டு. ‘கேள்’ என்பதிலிருந்து ‘கேள்வி’ பிறந்தது போல, ‘கல்’ என்பதிலிருந்து ‘கல்வி’ பிறந்தது. திருவள்ளுவரும் கல்வியை மணற்கேணிக்கே ஒப்பிட்டார். ஆகவே, கல்வி என்பது ஒருவர் கொடுக்க மற்றொருவர் வாங்கி வைக்கும் பொருளன்று. கற்பவர் தாமே முயன்று செய்யும் செயலாகும்.

ஆனால் இச்சொல்லை நாம் இன்று எவ்வாறு வழங்குகிறோம்? எழுதப் படிக்கத் தெரியாதவரைக் ‘கல்வியற்றவர்’ என்கிறோம். அவரிடம் இல்லாதது எழுத்தறிவு மட்டுமே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 7 வயது நிறைந்து, ஏதேனும் ஒரு மொழியைப் புரிந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவரை எழுத்தறிவு பெற்றவர் எனக் கொள்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 87 பேரும், பெண்களில் 73 பேரும் எழுத்தறிவு பெற்றிருந்தனர். பள்ளியில் ஏறிச் செல்லும் வகுப்புகளைப் படிப்பு என்கிறோம். கைத்திறன் பழகுவதைப் பயிற்சி என்கிறோம். இவை யாவும் கல்வியின் பகுதிகளே. எந்த ஒன்றும் முழுக் கல்வி ஆகாது.

மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே விதைக்கும் பதத்தைச் சொல்லும் உழவர், கையெழுத்திடத் தெரியாதவராயினும் அறிவற்றவர் அல்லர். அதனால் எழுத்தறிவு வேண்டா என்று கூறுதலும் தவறு. பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் கைநாட்டு வைப்பவர் நிலத்தை இழக்க நேரிடும். பூச்சிமருந்துப் புட்டியின் மேல் அச்சிட்ட அளவைப் படிக்க இயலாதவர் பயிருக்கும் தமக்கும் தீங்கு தேடிக்கொள்ளக் கூடும். எழுத்தறிவு மண்வெட்டி போன்றது. அஃதின்றித் தோண்டுதல் அரிது. அதை வாங்கி மூலையில் சார்த்தி வைத்தாலோ ஊற்றுச் சுரக்காது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கம் இதனை நன்கு விளக்கும். அங்குப் பெண்கள் எழுத்துக் கற்றதோடு நில்லாமல், மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பிறர் துணையை எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் சென்று வரலாயினர். கல்லுடைக்கும் தொழிலாளராயிருந்த பெண்கள் சிலர் ஒன்றுகூடிக் கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினர். எழுத்தறிவு கல்வியாக மலர்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஊராட்சி உறுப்பினர்கள் இச்சொல்லின் முழுப் பொருளை உணர்தல் இன்றியமையாதது. 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், மாநிலங்கள் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் பள்ளிக் கல்வி, தொழிற்கல்வி, முதியோர் கல்வி, நூலகம் ஆகிய நான்கும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. பள்ளிக்கு ஒரு சுவர் எழுப்பியதும் கல்விப் பணி முடிந்தது என்று கருதுவோர் இந்நான்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பேணும் கடமையையும் உள்ளாட்சி அமைப்புக்கு அளித்துள்ளது.

ஆதலின், கிராமசபையில் ‘நம் ஊரில் கல்வி எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டு அமைதல் போதாது. பள்ளிக்கு வராத குழந்தைகள் எத்தனை பேர்? எழுத்தறியாத பெரியவர் எத்தனை பேர்? தொழில் பழக விரும்பும் இளைஞருக்கு வழி என்ன? நூலகம் நாள்தோறும் திறக்கப்படுகிறதா? இவ்வாறு பிரித்துக் கேட்டால், செய்ய வேண்டிய பணியும் தெளிவாகும்.

தோண்டிய ஊற்றை இறைக்காமல் விட்டால் மணல் சரிந்து தூர்ந்துவிடும். கற்ற எழுத்தும் படிக்க நூலின்றி, பயன்படுத்த வாய்ப்பின்றிக் கிடந்தால் மறந்துபோகும். ஊற்றைத் தூராமல் காப்பது ஊரார் அனைவரின் கடமையாகும்.