நிறம் மங்கும் காலமும் நம் சாயத் தொட்டியும்

டி. கல்லுப்பட்டியைச் சூழ்ந்த கரிசற் காடுகளில் பருத்தி வெடிக்கும் நாளில், கறுப்பும் வெள்ளையுமே கண்ணை நிறைக்கும். அந்த வெண்மை குறையன்று, தொடக்கம். பஞ்சு நூலாகி, நூல் சாயத் தொட்டியில் இறங்கிச் சிவப்பாகவும் நீலமாகவும் எழுந்த பிறகே தறிக்கு ஏறும். அத்தொட்டிக்கு இன்று வேலை குறைந்து வருகிறது. அதைப் பற்றி அங்கத்தினர்களுடன் கலந்து பேச விரும்புகிறோம்.

கடைத்தெருவை ஒரு முறை பாருங்கள். புதுக் கட்டடங்களின் சுவர்கள் சாம்பல் நிறம்; கார்கள் வெள்ளை; கைப்பேசிகள் கறுப்பு. இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. இங்கிலாந்தின் அறிவியல் அருங்காட்சியகக் குழுமம், 1800 முதல் இன்றுவரை மக்கள் பயன்படுத்திய பொருள்களின் 7,000க்கும் மேற்பட்ட படங்களைக் கணிப்பொறியால் ஆராய்ந்து, 2020இல் முடிவை வெளியிட்டது. காலம் செல்லச் செல்லச் சாம்பல் நிறம் மிகுவதை அது காட்டிற்று. மரம் இருந்த இடத்தில் உலோகமும் பிளாஸ்டிக்கும் வந்தது ஒரு காரணம். உலகில் புதிதாகச் செய்யப்படும் கார்களிலும், ஏறத்தாழப் பத்தில் எட்டு வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி ஆகிய நான்கில் அடங்கிவிடுகின்றன.

இதற்கு மக்களின் சுவை மட்டும் காரணமன்று, கணக்கும் காரணம். 1914 முதல் 1925 வரை ஹென்றி ஃபோர்டு தம் ‘டி’ வகைக் காரைக் கறுப்பில் மட்டுமே செய்தார். ஒரே நிறம் என்றால் செலவு குறைவு, வேலை விரைவு. இன்றைய வணிகரும் அவ்வாறே எண்ணுகிறார். பத்து நிறங்களில் சரக்கு வைத்தால் நான்கு தேங்கும். யாருக்கும் பிடிக்காமற் போகாத இரண்டு நிறங்களில் வைத்தால் தேங்காது. ஆகவே ‘வெளிர் நிறமே அனுப்புங்கள்’ என்ற சொல் வருகிறது. அதைக் கேட்டு நடந்தால் இன்று நட்டமில்லை. ஆனால் மங்கிய துணியை விசைத்தறி நம்மைவிட மலிவாகத் தரும். போட்டியை நமக்குப் பாதகமான களத்திற்கு நாமே கொண்டு செல்வதாகும்.

மதுரைச் சுங்குடியை எண்ணிப் பாருங்கள். துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி, ஒரு சேலைக்குப் பல்லாயிரம் முடிச்சுகள் இடுவர். சாயத்தில் தோய்த்து உலர்த்தி முடிச்சவிழ்த்தால் வெண்புள்ளிகள் பூத்து நிற்கும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. அங்கே புள்ளிக்குச் சாயம் இல்லை. சுற்றிலும் உள்ள ஆழ்ந்த நிறமே புள்ளியைக் காட்டுகிறது. அந்த நிறம் வெளிறினால், முடிச்சிட்ட பெண்ணின் உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

இருவகை மறுப்புகள் எழக்கூடும். ‘கதர் வெண்மைதானே? 1921இல் காந்தியடிகள் அரையாடை பூண்டது இதே மதுரையில் அல்லவா?’ என்பது ஒன்று. உண்மை. ஆனால் அவர் வெண்மையைத் தாமே தேர்ந்தார். கையிருப்புக் கணக்கு அதை அவர்மேல் சுமத்தவில்லை. மற்றொன்று இன்னும் வலியது: சாயம் ஆற்றைக் கெடுத்தது என்பது. நொய்யலை நாம் மறக்கலாகாது. கழிவுநீரின் பொருட்டு 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. விளைநிலம் பாழாகப் பெறும் அழகு நமக்கு வேண்டாம். ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஊர் இது. இயற்கையின் முதலை அழித்து ஈட்டுவது பொருளாதாரமாகாது என்ற அவர் கொள்கையை இங்கே மறப்பது தகாது.

ஆயின் வழி யாது? சாயத்தைக் கைவிடுவதன்று, பொறுப்போடு இடுவது. ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே சிறு தொட்டி வைத்துக் கழிவைத் தெருவில் விடுவதைவிட, அண்டைச் சங்கங்கள் கூடி ஒரே சாயச்சாலையும் அதற்குரிய நீர்ச் சுத்திகரிப்பும் அமைக்கலாம். சாயமும் ஒரே சீராக அமையும், செலவும் பங்காகும். விவசாய அங்கத்தினர்கள் அவுரியைச் சிறு அளவில் பயிரிட்டுப் பார்க்கலாம். அது நீலம் தருவதோடு, பயறு இனமாதலால் நிலத்திற்குத் தழைச்சத்தும் சேர்க்கும். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பின் அவுரி வீழ்ந்தது என்பதை அறிவோம். எல்லாத் துணிக்கும் அது போதாது. இயற்கைச் சாயம் கேட்டு வருவோருக்கென ஒரு பகுதி துணிக்குப் போதும்.

யாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. எவ்வளவு நூலுக்கு எவ்வளவு சாயம், எத்தனை நாழிகை கொதி, எந்தக் கிணற்று நீர் என்பதெல்லாம் முதிய சாயக்காரர்களின் கையிலும் கண்ணிலும் இருக்கின்றன, ஏட்டில் இல்லை. அவர்கள் இருக்கும்போதே, நூற்கற்றை மாதிரியோடு அவற்றை எழுதி வைக்க ஒரு குறிப்பேடு வாங்குங்கள். அதற்குப் பெருஞ்செலவில்லை. ஒரு நிறத்தைச் சந்தை மறந்தால் மீண்டும் நினைவூட்டலாம். செய்யும் கையே மறந்துவிட்டால் யார் நினைவூட்டுவது?