சாயலாம்... விழக்கூடாது!

குட்டீஸ், ஈபிள் கோபுரம், எகிப்து பிரமிடு, சீனப் பெருஞ்சுவர்... இதையெல்லாம் ஒருநாள் நேரில் பார்க்கணும்னு கனவு காண்கிறீர்களா? அந்தக் கனவில் இத்தாலியின் பைசா கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் விட்டிருந்தால், நீங்கள் பார்ப்பதற்கு அது இல்லாமலே போயிருக்கும்!

1173ல் தேவாலய மணிக்கூண்டாகக் கட்டத் தொடங்கினார்கள். எடையோ சுமார் 14,500 டன். அஸ்திவாரம் வெறும் 3 மீட்டர் ஆழம்தான். அடியில் சேறு போன்ற களிமண். மூன்றாவது மாடி எழும்பும்போதே சாயத் தொடங்கிவிட்டது. நல்லவேளையாக, போர்களால் வேலை கிட்டத்தட்ட 100 ஆண்டுகள் நின்றுபோனது. போர் நல்லது செய்தது இங்கே மட்டும்தான் போலிருக்கிறது! அந்த இடைவெளியில் மண் இறுகியது. தொடர்ந்து கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும்.

பிறகு வந்தவர்கள், சாய்ந்த பக்கத்தில் சுவரைச் சற்று உயரமாக வைத்துச் சமாளித்தார்கள். உற்றுப் பாருங்கள், கோபுரம் வாழைப்பழம் போல லேசாக வளைந்திருப்பது தெரியும்.

1934ல் முசோலினி, கோபுரத்தை நிமிர்த்த உத்தரவிட்டார். அடியில் துளை போட்டு சிமென்ட் கலவையைச் செலுத்தினார்கள். முன்பைவிட அதிகமாகச் சாய்ந்ததுதான் மிச்சம்!

1989ல் இத்தாலியின் பாவியா நகரில் ஒரு பழைய கோபுரம் திடீரென இடிந்து 4 பேர் இறந்தனர். எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தை மூடிவிட்டார்கள். 1993ல் வடக்குப் பக்கம் 600 டன் ஈயக்கட்டிகளை அடுக்கினார்கள். தெற்கே சாய்ந்த கோபுரம் துளியூண்டு நிமிர்ந்தது. ஆனால், அது போதவில்லை.

கடைசியில் கைகொடுத்த வழி என்ன தெரியுமா? கடற்கரை ஈர மணலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒரு பக்கக் கால்கள் மட்டும் புதைந்தால் சாய்வீர்கள். எதிர்ப்பக்கக் கால்களுக்கு அடியில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினால், நாற்காலி நிமிரும். அதே வித்தைதான்! வடக்குப் பக்க மண்ணைக் குழாய்கள் வழியாக மெதுவாக எடுத்தார்கள். அவசரப்பட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு நாளும் அளந்து பார்த்தே அடுத்த வேலை. உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். முழுசாக நிமிர்த்திவிட்டால், சாய்ந்த கோபுரம் என்ற பெயர் என்னாவது!

2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். இன்னும் 200 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்கிறார்கள் பொறியாளர்கள்.

சுழல் படிகளில் ஏறும்போது உடம்பு ஒருமுறை இந்தப் பக்கச் சுவருக்கும், மறுமுறை அந்தப் பக்கச் சுவருக்கும் இழுக்கும். மேலே போக எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். கூடவே பெரியவர் ஒருவர் வர வேண்டும். உங்கள் தம்பி, தங்கை அதைவிடச் சின்னவர்களா? அவர்களுக்குக் கீழே புல்வெளிதான். அங்கே நின்று, கோபுரத்தைக் கையால் தாங்குவது போல போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்!