லிஃப்ட்டுக்குள் இருக்கும் டெலிபோன்

பிரிட்டனில் கடை, கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு கெடு நெருங்குகிறது. 2027 ஜனவரி 31-க்குள் அங்கே செம்புக் கம்பியில் ஓடும் பழைய டெலிபோன் வலையமைப்பு மூடப்பட வேண்டும். அதன்பிறகு லேண்ட்லைன் பேச்செல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான். முதலில் குறித்த கெடு 2025 டிசம்பர். அது ஏன் தள்ளிப்போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மாற வேண்டியதுதான், அதில் தகராறு இல்லை. அங்குள்ள எக்ஸ்சேஞ்சுகளின் அஸ்திவாரமான சிஸ்டம் எக்ஸ் 1980-களின் சரக்கு. உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறுகிறார்கள். லைன்களைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச், 2023 செப்டம்பரிலேயே பழைய பாணி இணைப்புகளைப் புதிதாக விற்பதை நிறுத்திவிட்டது.

புதிய முறையில், பேசும் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்கி, பெரும்பாலும் 20 மில்லிவிநாடிக்கு ஒரு சிறு பொட்டலமாக அனுப்புகிறார்கள். வியாபாரிக்கு இதில் லாபம் உண்டு. சுவரில் மாட்டிய இன்டர்காம் பெட்டி தேவையில்லை. புது ஊழியர் சேர்ந்தால் கம்பி இழுக்க வேண்டாம், கம்ப்யூட்டரில் ஒரு பதிவு போதும். ஆபீஸ் இடம் மாறினாலும் பழைய நம்பரைக் கையோடு எடுத்துப்போகலாம். விற்க வருகிறவர்கள் இதையெல்லாம் விவரமாகச் சொல்லிவிடுவார்கள்.

பழைய லைனின் ஒரு குணத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை. அது தனக்கான மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 50 வோல்ட் அதே கம்பியில் வரும். அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் காவல் இருக்கும். ஊரே இருண்டாலும் போன் பேசும். இன்டர்நெட்டைக் கொண்டுவரும் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் ரூட்டர் அணையும், கூடவே போனும்.

2021 நவம்பரில் ஆர்வென் புயல் ஸ்காட்லாந்தையும் வட இங்கிலாந்தையும் அடித்தபோது பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அடுத்த மார்ச்சில் டெலிபோன் நிறுவனமான பி.டி., வீடுகளைப் புதிய முறைக்கு மாற்றும் வேலையைச் சில காலம் நிறுத்திவைத்தது. மொபைல் சிக்னலும் இல்லாமல் லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்கள், கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர உதவியை அழைக்க டெலிபோன் நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நிலை. நாள்கணக்கில் கரண்ட் போகிற இடத்தில் ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

பெரிய அடி 2023 இறுதியில் விழுந்தது. தனியே வாழும் முதியோர் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விழுந்தால் அழுத்தி உதவி கேட்கும் கருவியைச் சுமார் 18 லட்சம் பேர் நம்பியிருந்தார்கள். மாற்றிய சில இணைப்புகளில் அது வேலை செய்யவில்லை. அரசு தலையிட்டது. கருவி வேலை செய்யும் என்று உறுதியாகாமல் யாரையும் கட்டாயமாக மாற்றுவதில்லை என்று நிறுவனங்கள் எழுதிக்கொடுத்தன. 2024-ல் கெடுவும் நீண்டது.

வியாபார இடங்களிலும் இதே கதைதான், கருவிதான் வேறு. லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போன், திருட்டு அலாரம், தீ அலாரம், பழைய கார்டு மெஷின், ஃபேக்ஸ் என்று பலவும் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆள் வந்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். முதலாளிக்கே பட்டியல் தெரியாது. என்னைக் கேட்டால், கால் கட்டணக் கணக்கு போடுவதற்கு முன் இந்தப் பட்டியலைத்தான் போட வேண்டும்.

லண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் மளிகைக்கடை, பெட்ரோல் பங்க் நடத்தும் தமிழர்கள் ஏராளம். உங்கள் உறவில் அப்படி யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்: அலாரம் கம்பெனிக்கும் லிஃப்ட் பராமரிப்பவருக்கும் இப்போதே போன் செய்து, புதிய லைனில் தங்கள் கருவி ஓடுமா, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.